மவுண்ட்: ஏற்றுவதா, பூட்டுவதா, மாட்டுவதா?

கையேட்டுத் தொகுப்பாளர், வெள்ளவத்தை

வணக்கம். லினக்ஸ் வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகிறது. 'மவுண்ட்' என்பதற்கான தமிழ்ச்சொல் மட்டும் இன்னும் இழுபடுகிறது.

பின்னணி தெரியாதவர்களுக்கு: விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும்; இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை, ஓரிரண்டைத் தவிர, ஏற்காது. ஆகவே வகுப்புக்கு வருகிற பழைய கணினிகளில் லினக்ஸ் மின்ட் 22இன் எக்ஸ்எஃப்சிஇ (இலகுவான மேசைச்சூழல்) பதிப்பை, விண்டோஸை அழிக்காமல் அதன் பக்கத்தில் நிறுவப்போகிறோம். 2 ஜிபி ராமிலும் ஓடும், 4 இருந்தால் நல்லது. வட்டில் குறைந்தது 20 ஜிபி இடம்.

நிறுவி முடித்ததும் எல்லாரும் கேட்கிற முதற் கேள்வி, "என்ர டி டிரைவ் எங்கே?" என்பது. லினக்ஸில் சி, டி என்ற எழுத்துகள் இல்லை. வேரிலிருந்து கிளைக்கும் ஒரே மரம்தான். ஒரு வட்டுப் பிரிவை அந்த மரத்தில் ஏதாவதொரு கோப்புறையில் கொண்டுவந்து வைத்தால்தான் அதற்குள் இருப்பவை கண்ணில் படும். அந்தக் 'கொண்டுவந்து வைத்தல்'தான் மவுண்ட். எனக்குத் தேவை ஒரு வினை, அதன் எதிர்வினை, வைக்கும் இடத்துக்கு ஒரு பெயர். திரையில் வரும் இந்த நான்கு வாக்கியங்களிலும் அது நிற்க வேண்டும்:

இப்பிரிவை மவுண்ட் செய்ய முடியவில்லை.
இது ஏற்கெனவே மவுண்ட் செய்யப்பட்டுள்ளது.
வாசிக்க மட்டும் மவுண்ட் செய்யப்பட்டது.
அன்மவுண்ட் செய்ய முடியவில்லை: இலக்கு பாவனையில் உள்ளது.

இடைமுக மொழிபெயர்ப்பாளர், சென்னை

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? மேசைச்சூழல் மொழிபெயர்ப்புகளில் 'ஏற்று' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கையேட்டில் ஒரு சொல், திரையில் வேறொரு சொல் என்றால் மாணவர்தான் குழம்புவார். ஏற்று, இறக்கு, ஏற்றுபுள்ளி. முடிந்தது.

தகவல் தொழினுட்ப ஆசிரியை, கொட்டாஞ்சேனை

முடியவில்லை, ஐயா. பதிவேற்றம், பதிவிறக்கம் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே தெரியும். 'டி பிரிவை ஏற்று' என்றால் அதில் உள்ள 200 ஜிபியும் எங்கேயோ நகலாகப் போகிறது என்றுதான் பிள்ளை நினைக்கும். 'இறக்கு' இன்னும் மோசம், அது டவுன்லோட். கேர்னல் (பணிசெயல் முறைமையின் கரு) நிரற்கூறை லோட் பண்ணுவதற்கும் நாம் 'ஏற்று' என்றுதான் எழுதுகிறோம். ஒரே பக்கத்தில் மூன்று ஏற்றம் வந்தால் நான் வகுப்பில் எதைச் சொல்லி விளங்கப்படுத்துவது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பம்பலப்பிட்டி

கோயிலில் கொடியேற்றுகிறார்கள், டீச்சர். கொடி நகலாகிறதா? திருவிழா முடியக் கொடியிறக்கமும் உண்டு. விளக்கேற்றுகிறோம், வில்லில் நாணேற்றுகிறோம். 'ஏற்று'க்குப் பதிவேற்றம் ஒன்றுதான் பொருள் என்று யார் தீர்ப்பெழுதியது?

ஆனாலும் 'ஏற்று' எனக்கும் உவப்பில்லை, காரணம் வேறு. ஆங்கிலச் சொல்லை மலையேறுவதோடு சேர்த்துப் பார்த்து வந்த மொழிபெயர்ப்பு இது. நமக்குத் தேவை 'பூட்டு'. உண் – ஊட்டு, காண் – காட்டு, பூண் – பூட்டு. மரம் அணி பூணுவதுபோல வட்டைப் பூணுகிறது, நாம் பூட்டுகிறோம். ஏர் பூட்டுதல், தேர் பூட்டுதல் எல்லாம் பழைய வழக்கு. இன்றும் நம் வீடுகளில் மின்விசிறி பூட்டுகிறார்கள், பைப் பூட்டுகிறார்கள், கராஜில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டுகிறார்கள். எதிர்ச்சொல் 'கழற்று' தானாகவே வந்துவிடுகிறது.

வழங்கி நிர்வாகி, தெஹிவளை

மாஸ்டர் சொன்ன காரணம் சரி. 1971இல் வந்த யூனிக்ஸின் முதலாம் பதிப்புக் கையேட்டிலேயே மவுண்ட், யுமவுண்ட் இரண்டும் இருக்கின்றன. (கட்டளையில் 'ன்' கிடையாது, 'அன்மவுண்ட்' என்று தட்டினால் அப்படியொரு கட்டளை இல்லை என்று வரும். இதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடுங்கள்.) அந்தக் காலத்தில் வட்டுப் பொதியையும் நாடாச் சுருளையும் இயக்குநர் கையால் எடுத்து இயந்திரத்தில் பூட்டினார். மலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் 'பூட்டு' வேலைக்கு ஆகாது. திரைப்பூட்டு, கோப்புப்பூட்டு என்று லொக்குக்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். விண்டோஸின் பிட்லொக்கர் குறியாக்கம் போட்ட பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். மீட்புச் சாவியின் 48 இலக்கத்தைக் கொடுத்து முதலில் பூட்டைத் திறக்க வேண்டும். அடுத்த படி மவுண்ட். உங்கள் சொல்லில் எழுதினால் 'பூட்டைத் திறந்தபின் பூட்டவும்' என்று வரும். அதை வாசித்தவர் கணினியையே மூடி வைத்துவிடுவார்.

இடைமுக மொழிபெயர்ப்பாளர், சென்னை

எங்கள் பக்கம் பூட்டு என்றால் திண்டுக்கல் பூட்டு மட்டும்தான். மின்விசிறியைப் பூட்டினேன் என்றால் திருட்டுப் பயமா என்று கேட்பார்கள்.

கணினி திருத்துநர், மருதானை

ஏன் இவ்வளவு பாடு? கடைக்கு வாறவர் எல்லாரும் 'மவுண்ட் ஆகுதில்ல' என்றுதான் சொல்றார். மவுண்ட் என்றே போடுங்க. பஸ், பேங்க் எல்லாம் உள்ளே வந்தாச்சு, இது ஒன்று கூடிப்போனால் என்ன?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பம்பலப்பிட்டி

நானா, கொழும்பில் மவுண்ட் என்றால் கல்கிசை. சென்னையில் அது ஒரு வீதி. அது கிடக்க, வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. எடுப்பதானால் 'மவுண்டு' என்று எடுங்கள். தொல்காப்பியத்தின் 'வடவெழுத்து ஒரீஇ' என்பதை எடுத்துக்கொண்டு யாரும் வரும்முன் சொல்லிவைக்கிறேன்: அந்த விதி எழுத்தை மாற்று என்கிறது, அள்ளிப் போடு என்று சொல்லவில்லை.

'பூட்டு' போனால் போகட்டும். அதைவிடப் பொருத்தமான ஒன்று கைவசம் இருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியலில் 'மாட்டு' என்றோர் உறுப்பு. பொருள் அகன்று கிடந்தாலும் அணுகிக் கிடந்தாலும் கொண்டுவந்து கூட்டி முடிப்பது. நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டுக்கு உரை கண்டபோது இந்த மாட்டை வைத்துத்தான் எங்கோ கிடந்த அடியை எங்கோ கொண்டுபோய்ச் சேர்த்தார். வேறொரு வட்டில் அகன்று கிடக்கும் கோப்புகளை இந்த மரத்தோடு சேர்த்து ஒன்றாகக் காட்டுவது வேறென்ன? சுவரில் படம் மாட்டுவது அன்றாட வழக்கு. பண்டிதருக்கும் விளங்கும், பாமரருக்கும் விளங்கும்.

வழங்கி நிர்வாகி, தெஹிவளை

மாஸ்டர், நச்சினார்க்கினியர் அடிகளை இடம் மாற்றினார். மவுண்ட் எதையும் இடம் மாற்றாது. கோப்பு வட்டில் இருந்த இடத்திலேயே இருக்கும். அதற்குப் போகும் பாதை மட்டும் புதிது. அதோடு, ஏற்கெனவே கோப்புகள் உள்ள ஒரு கோப்புறையின்மேல் மவுண்ட் செய்தால் பழைய கோப்புகள் மறைந்துவிடும். அழியவில்லை, யுமவுண்ட் செய்தால் திரும்பத் தெரியும். வெறும் கோப்புறை ஒன்றை உருவாக்கிக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

தகவல் தொழினுட்ப ஆசிரியை, கொட்டாஞ்சேனை

மாட்டுப் புள்ளி.

ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு அந்தப் பாடவேளையில் வேறெதையும் படிப்பிக்க ஏலாது. மாட்டுப் பொங்கலில் தொடங்கி மணி அடிக்கும் வரை போகும். 'பிரிவு மாட்டிக்கொண்டது' என்றால் பொலிசிடமா என்று கேட்பார்கள்.

கையேட்டுத் தொகுப்பாளர், வெள்ளவத்தை

இன்று செவ்வாய். நினைவூட்டல் மட்டும்.

இடைமுக மொழிபெயர்ப்பாளர், சென்னை

இலங்கைக்கென்று தனியாக ஒரு பிஓ கோப்பு (மொழிபெயர்த்த சரங்கள் உள்ள கோப்பு) வைத்துக்கொள்ளலாமே? லினக்ஸின் அடிப்படை நூலகமான குளிப்சியில் 'தமிழ் – இலங்கை' வட்டாரம் இருக்கிறது. மொழிபெயர்ப்பை எடுத்துத் தரும் கெட்டெக்ஸ்ட் முதலில் இலங்கைக் கோப்பைப் பார்க்கும். அதில் இல்லாத சரத்துக்குப் பொதுத் தமிழ்க் கோப்புக்குப் போகும். மாறுபடும் சொற்களை மட்டும் நீங்கள் எழுதினால் போதும். நாங்கள் 'இயங்குதளம்' என்போம், உங்கள் பாடநூல் 'பணிசெயல் முறைமை' என்கிறது. அவரவர் சொல் அவரவருக்கு.

தகவல் தொழினுட்ப ஆசிரியை, கொட்டாஞ்சேனை

கூடாது. கணினியா கணனியா என்ற சண்டையையே இங்கே பத்திரிகைக்குப் பத்திரிகை வேறுவிதமாகத் தீர்த்து வைத்திருக்கிறார்கள். வலையில் உதவி தேடும் பிள்ளைக்குச் சென்னையில் எழுதியதும் அகப்பட வேண்டும், யாழ்ப்பாணத்தில் எழுதியதும் அகப்பட வேண்டும். சொல் இரண்டானால் தேடலும் இரண்டாகும்.

கணினி திருத்துநர், மருதானை

அதுதான் மவுண்ட் என்கிறேன். ஒரே தேடல்.

வழங்கி நிர்வாகி, தெஹிவளை

சொல் எதுவானாலும் ஒன்பதாம் பக்கத்தில் உள்ளடக்கம் பிழை. அதை முதலில் திருத்துங்கள். கட்டளைகள் கையேட்டில் பெட்டிக்குள் வரும் என்பதால் இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன்.

'வாசிக்க மட்டும்' என்ற செய்தி வந்தால் வட்டு பழுது என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக அப்படியில்லை. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கினால் ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுதாக அணைவதில்லை. கேர்னலின் நிலையை வட்டில் எழுதிவைத்து அரைத்தூக்கத்துக்குப் போகிறது. அந்த நிலையில் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறைமை) பிரிவில் எழுதினால் கோப்புகள் கெடலாம். அதனால் என்டிஎஃப்எஸ்-3ஜி செலுத்தி (டிரைவர்) வாசிக்க மட்டும் விடும். 5.15 கேர்னலிலிருந்து வரும் என்டிஎஃப்எஸ்3 செலுத்தி, பிரிவில் அழுக்குக் குறி (சரியாக மூடப்படவில்லை என்ற அடையாளம்) இருந்தால் முற்றாக மறுத்துவிடும். ஃபோர்ஸ் என்று எழுதித் திணிக்கச் சொல்லும் குறிப்பைத் தயவுசெய்து நீக்குங்கள்.

செய்ய வேண்டியது: விண்டோஸுக்குத் திரும்பிப் போய், கட்டுப்பாட்டுப் பலகத்தில் மின்சக்தித் தெரிவுகளுக்குள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் சரிக்குறியை எடுக்க வேண்டும். நிர்வாகி உரிமையோடு கட்டளைச் சாளரத்தைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி சாய்கோடு எச் ஓஃப்' கொடுத்தாலும் சரி. அதில் ஹைபர்நேட் வசதியும் சேர்ந்தே போகும். அவசரத்துக்கு, ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்குள் வந்தால் போதும். ரீஸ்டார்ட் எப்போதும் முழுதாகவே அணைத்துத் தொடங்கும்.

அடுத்தது நிரந்தரமாக வைப்பது. தொடங்கும்போது எவற்றை மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி, ஆறு புலங்கள்: பிரிவின் யூயூஐடி (அதற்கே உரிய அடையாள எண்), கோப்புறை, வகை, தெரிவுகள், கடைசியில் இரண்டு பூச்சியம். எஸ்டிஏ2, எஸ்டிபி1 என்ற பெயர்களை எழுத வேண்டாம். இன்னொரு வட்டைச் செருகினால் எழுத்து மாறிவிடும். தெரிவுகளில் யூஐடி (பாவனையாளர் எண்) 1000, ஜிஐடி (குழு எண்) 1000 என்று கொடுத்தால் கோப்புகள் முதற் பாவனையாளருக்கு உரியவையாகும். 'நோஃபெயில்' கட்டாயம். அது இல்லாமல் அந்த வட்டைக் கழற்றிவிட்டால், தொடக்கத்தை நடத்தும் சிஸ்டம்டி 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர முனையத்தில் கொண்டுபோய் நிறுத்தும். புதிதாக வந்தவர் அந்தக் கறுப்புத் திரையைக் கண்டதும் லினக்ஸே வேண்டாம் என்பார். வரியை எழுதியதும் மறுதொடக்கம் செய்யாமல், முதலில் 'ஃபைண்ட்மவுண்ட் வெரிஃபை', பிறகு 'மவுண்ட் ஏ' கொடுத்துச் சோதிக்கட்டும்.

இன்னொன்று. ஐந்தாம் பக்கத் தலைப்பு 'வட்டைப் பிரிவினை செய்க'. கொழும்பில் அச்சடிக்கிற கையேடு இது. 'பிரித்தல்' போதாதா?

கையேட்டுத் தொகுப்பாளர், வெள்ளவத்தை

எல்லாம் திருத்தியாகிவிட்டது, நன்றி சேர். 'பிரித்தல்' போட்டுவிட்டேன்.

இதுவரை யாரும் கையில் எடுக்காத 'பொருத்து' என்ற சொல்லை வைத்துப் பார்க்கிறேன். இப்பிரிவைப் பொருத்த முடியவில்லை. ஏற்கெனவே பொருத்தப்பட்டுள்ளது. வாசிக்க மட்டும் பொருத்தப்பட்டது. கழற்ற முடியவில்லை: இலக்கு பாவனையில் உள்ளது. நான்கிலும் நிற்கிறது. பிரிவின் பெயர் மாறியாக (இடத்துக்கிடம் மாறும் பெயராக) வரும் இடங்களில் வேற்றுமை உருபை நேரே ஒட்டாமல் 'என்பதைப் பொருத்து' என்று எழுதினால் புணர்ச்சிச் சிக்கலும் இல்லை.

இடைமுக மொழிபெயர்ப்பாளர், சென்னை

'ஏற்று'தான் என் வாக்கு. ஆனால் பெரும்பான்மை பொருத்து என்றால் வழக்குப் போட மாட்டேன். 'பொருந்தும்' என்பதை கம்பாட்டிபிளுக்கு வைத்திருக்கிறோம் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

தகவல் தொழினுட்ப ஆசிரியை, கொட்டாஞ்சேனை

பொருத்து, சரி. 'கழற்று' ஆபத்து. பென் டிரைவுக்குப் பக்கத்தில் கழற்று என்றொரு பொத்தானைப் பார்த்தால், பிள்ளை அதை அழுத்தாது, கையால் பிடுங்கும். எழுதவேண்டிய தரவு ராமில் நிற்கையில் பிடுங்கினால் கோப்பு அரைகுறை. கழற்றுவதற்கு முன்னால் செய்கிற வேலைக்கே கழற்று என்று பெயர் வைத்தால் எப்படி? 'விடுவி' என்று போடுங்கள்.

வழங்கி நிர்வாகி, தெஹிவளை

விடுவிக்கு என் ஆதரவு. 'விடுவிக்க முடியவில்லை: இலக்கு பாவனையில் உள்ளது' என்பது நடப்பதை அப்படியே சொல்கிறது. அந்தக் கோப்புறைக்குள் ஒரு முனையம் திறந்திருந்தாலே இச்செய்தி வரும். 'எல்எஸ்ஓஎஃப்' கொடுத்தால் எந்த நிரல் பிடித்து வைத்திருக்கிறது என்று காட்டும்.

கணினி திருத்துநர், மருதானை

பொருத்து, விடுவி. பரவாயில்லை. நான் மவுண்ட் என்றுதான் கதைப்பேன். அடைப்புக்குள்ளாவது போடுங்க.

கையேட்டுத் தொகுப்பாளர், வெள்ளவத்தை

முதலிடத்தில் மட்டும் அடைப்புக்குள் மவுண்ட் வரும். பொருத்து, விடுவி, பொருத்துப்புள்ளி. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பம்பலப்பிட்டி

தம்பி, 'மாட்டு' என்ற என் கருத்தில் மாற்றமில்லை, அதைப் பதிந்துகொள்ளுங்கள். அது ஒருபுறம் இருக்க, பொருத்துப்புள்ளியில் ஒற்று ஏன் மிகுந்தது? பொருத்து வினைப்பகுதியானால் இது வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுகாடு. ஆகவே 'பொருத்துபுள்ளி'. மூட்டு என்ற பொருளில் பெயராக எடுத்தேன் என்பீர்களானால் மிகும். ஆனால் நீங்கள் வினையாகத்தானே எடுத்தீர்கள்?

இடைமுக மொழிபெயர்ப்பாளர், சென்னை

'ஏற்றுபுள்ளி' என்று ஒற்றில்லாமல் முதல் மடலிலேயே எழுதியிருந்தேன்.

கையேட்டுத் தொகுப்பாளர், வெள்ளவத்தை

அச்சுத் தகடு போட்டாயிற்றாம், மாஸ்டர்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பம்பலப்பிட்டி

அப்படியானால் பிழைதிருத்தப் பட்டியலுக்கு அரைப்பக்கம் ஒதுக்குங்கள். முதல் வரியை நான் அனுப்புகிறேன்.