ஜெர்மன் முதல் செமஸ்டரா? தமிழ் வழியாகப் போங்கள்

சிங்கப்பூருக்குப் புதிதாக வந்து, பல்கலைக்கழகத்தில் இன்டென்சிவ் ஜெர்மன் எடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். நான் திருச்சியிலிருந்து வந்த முதல் வருடமே எடுத்தேன். 13 வாரத்துக்குள் ஒரு புது மொழி, வாரத்துக்கு மூன்று வகுப்பு, அடிக்கடி டெஸ்ட். ஆரம்பத்தில் ரொம்பத் திணறினேன். வகுப்பு ஆங்கிலத்தில் நடப்பதால் நானும் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் யோசித்து ஜெர்மனுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். அதுதான் தப்பு.

மூன்றாவது வாரம், வகுப்பில் ஏசி பலமாக இருந்தது. குளிருகிறது என்று சொல்ல நினைத்து "இஹ் பின் கல்ட்" என்றேன். ஆசிரியர் உடனே திருத்தினார். அப்படிச் சொன்னால் நெஞ்சில் ஈரமில்லாதவன் என்பதுபோல் ஆகிவிடுமாம். சொல்ல வேண்டியது "மீர் இஸ்ட் கல்ட்". மீர் என்றால் 'எனக்கு'. எனக்குக் குளிருகிறது! நம் வீட்டில் பேசுகிற அதே வாக்கியம்.

அன்றிரவே ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். எனக்குத் தலை வலிக்கிறது: மீர் டூட் டேர் கோப்ஃப் வே. உனக்கு உதவுகிறேன்: இஹ் ஹெல்ஃபெ டீர். இந்தப் புத்தகம் எனக்குச் சொந்தம்: டாஸ் பூஹ் கெஹோர்ட் மீர். 'உன்னைக் கேட்கிறேன்' என்பதற்கு அங்கேயும் 'உன்னை'தான். கூடப் படித்தவர்கள் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்ததை, பள்ளியில் படித்த இரண்டாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் எனக்குப் பாதி முடித்துக் கொடுத்தன. ஜெர்மனில் மொத்தமே நான்கு வேற்றுமைதான், நமக்கு எட்டு. எல்லாம் ஒத்துப்போகாது, கவனம்: நாம் 'அவனுக்கு போன் செய்கிறேன்' என்போம், அவர்கள் 'அவனை' என்பார்கள். இப்படி முரண்படுவதைத் தனிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

'வைல்' என்று காரணம் சொல்லத் தொடங்கினால் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். நமக்கு எப்போதும் அங்கேதானே இருக்கிறது. நீ, நீங்கள் வித்தியாசமும் டூ, ஸீ என்று அப்படியே உண்டு.

தமிழ் கைகொடுக்காத இடம், பெயர்ச்சொல்லின் பால். கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி அஃறிணை மாதிரி மூன்றாம் பால். ஏன் என்று கேட்டுப் பயனில்லை. சொல்லை மட்டும் படிக்காமல், பாலைக் காட்ட அதன் முன்னால் வரும் டேர் (ஆண்பால்), டீ (பெண்பால்), டாஸ் (மூன்றாம் பால்) சேர்த்தே படியுங்கள். நான் மூன்று நிறப் பேனாவில் எழுதினேன். 'உங்' என்று முடிவது பெண்பால், 'ஹென்' என்று முடிகிற சிறுமைச் சொல் மூன்றாம் பால். சிறுமியைக் குறிக்கும் மேட்ஹென் மூன்றாம் பாலில் இருப்பது அதனால்தான்.

உச்சரிப்பில் ü, ö என்ற இரண்டு உயிரெழுத்து படுத்தும். நாக்கை 'ஈ' சொல்ல வைத்துக்கொண்டு உதட்டை 'ஊ'வுக்குக் குவியுங்கள், ü வந்துவிடும். அதேபோல் நாக்கை 'ஏ'வுக்கும் உதட்டை 'ஓ'வுக்கும் வைத்தால் ö. கிளமெண்டியிலிருந்து தேக்காவுக்கு எம்.ஆர்.டி. ரயிலில் போகும்போது இயர்போன் மாட்டிக்கொண்டு ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லவின் இலவசப் பாடங்களைக் கேட்பேன், மெதுவாக முணுமுணுப்பேன். காதுக்கு அதுதான் பழக்கம் தந்தது.

அப்புறம் ஒரு விஷயம். ஜெர்மனிக்கு மேற்படிப்போ விசாவோ மனதில் இருந்தால், பல்கலைக்கழக மதிப்பெண் மட்டும் போதுமா, ஏ1, பி1 என்று மொழித் தேர்ச்சி நிலைக்கான தனிச் சான்றிதழ் வேண்டுமா என்று இப்போதே விசாரியுங்கள். அந்தத் தேர்வுகளை நடத்தும் கோதே இன்ஸ்டிட்யூட் சிங்கப்பூரிலேயே இருக்கிறது.

வாய்மொழித் தேர்வில் கேள்வி புரியாவிட்டால் மௌனமாக இருக்காதீர்கள். "நோஹ் ஐன்மால், பிட்டெ", இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேளுங்கள். நான் இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் பொறுமையாகத் திருப்பிச் சொன்னார்கள்.