பழைய வீட்டு நடுச்செவத்த எடுத்துட்டு ஹால பெருசாக்கலாமா?

கீழக்கரைக்காரன்:
எங்க வீடு வாப்பா பொறக்குறதுக்கு முன்னாடியே கட்டுனது, செங்கலும் சுண்ணாம்பும்தான், மேல மரக்கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ். ஹாலுக்கும் பக்கத்து ரூமுக்கும் நடுவுல உள்ள செவத்த எடுத்துட்டா தங்கச்சி கல்யாணத்துக்கு எடம் தாராளமா இருக்கும்னு பாக்குறேன். கொத்தனார் ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டு சும்மா தடுப்புச் செவருதான், ரெண்டு நாள் வேலைன்னுட்டாரு. அளந்தா பூச்சோட பத்து இஞ்ச் வருது. எடுக்கலாமா?

தொண்டி அண்ணன்:
தம்பி, தடுப்புக்குன்னா நாலரை இஞ்சோட முடிச்சிருப்பாங்க, ஒம்போது இஞ்ச் வச்சிருக்காங்கன்னா சும்மா இருக்காது. நாலரைன்னாலும் நம்பி இடிச்சிராதீங்க. அண்ணாந்து பாருங்க, கட்டை முனை அந்தச் செவத்துல வந்து உக்காந்திருந்தா கூரையே அது தலைலதான். அந்தக் கூரையும் லேசுப்பட்டது இல்ல, கட்டை மேல செங்கலக் குத்துக்கல்லா அடுக்கி, அதுமேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடிச்சு, அதுக்கும் மேல தட்டை ஓடு.

கீழக்கரைக்காரன்:
பாத்தேன் அண்ணே. ரெண்டு ரூம் கட்டையும் அதுலதான் முடியுது. ஒரு கட்டை முனைய ஸ்க்ரூடிரைவரால குத்துனா ரெண்டு இஞ்ச் உள்ள போகுது, ரஸ்க் மாதிரி உதிருது 😟

ராம்நாடு சைட்:
அப்ப செவத்த மறங்க, மொதல்ல அந்தக் கட்டைக்குக் கீழ இன்னைக்கே முட்டு குடுங்க. ஈரம் ஏறுற செவத்துக்குள்ள இருக்குற முனைதான் எப்பவும் மொதல்ல உளுக்கும், நம்ம பக்கம் உப்பு வேற. அதுக்கப்புறம் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர கூட்டிட்டு வந்து காட்டுங்க, இது கொத்தனார் தட்டிப் பாத்து சொல்ற விஷயம் இல்ல. எடுத்தே ஆகணும்னா செவத்துக்கு ரெண்டு பக்கமும் ஜாக்கி முட்டு வச்சு, பீம் ஏத்தி, பீம் முனைக்குக் கீழ கான்கிரீட் பெட் போடணும், இல்லேன்னா பழைய செங்கல் நசுங்கிரும். இரும்பு பீம்னா கடக்காத்துல துரு புடிக்கும், பெயிண்ட விட்றாதீங்க. மொத்தமா எடுக்காம ஓரத்துல ரெண்டு ரெண்டு அடி விட்டு நடுவுல மட்டும் தெறந்தாலே ஹால் பெருசாத் தெரியும்.

பெரியபட்டினம் மச்சான்:
எங்க மாமா முட்டே குடுக்காம எடுத்தாரு. கூரை விழல, ஆனா நடுவுல தொட்டில் மாதிரி தொங்கிருச்சு, மழை பேஞ்சா இப்பவும் அண்டா வைக்கிறோம். இன்னொன்னு, ஒட்டுப்போடுற எடத்துல சிமெண்ட் பூசாதீங்க, சுண்ணாம்பே பூசுங்க. சிமெண்ட் ஈரத்த வெளிய விடாது, உப்பு பூத்து பக்கத்துப் பூச்சும் சேந்து பொரிஞ்சு விழும்.

கீழக்கரைக்காரன்:
முட்டு குடுத்தாச்சு. கல்யாணத்துக்கு தெருவுல பந்தல் போட்டுக்கிறோம். அந்த ஒத்தக் கட்டைய மாத்த பழைய தேக்கு எங்க கெடைக்கும்?

தொண்டி அண்ணன்:
காரைக்குடில பழைய வீடு இடிச்ச மரம் விக்கிறாங்க. நீளத்த அளந்துட்டுப் போங்க, ரெண்டு பக்கமும் செவத்துக்குள்ள போற அளவையும் சேத்து.