கர்ப்பத்துல ஆர்த்ரைட்டிஸ் அடங்கிடுச்சு, ஆன்டிபாடி மேல இருக்கற சர்க்கரை மாறுதாமே, அது என்ன சர்க்கரை?

தேனிப்பொண்ணு:
எனக்கு ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் (நம்ம எதிர்ப்பு சக்தியே மூட்டத் தாக்கற நோய்) வந்து நாலு வருஷம் ஆச்சு, ஆன்டி-சிசிபின்னு இந்த நோய்ல ரத்தத்துல வர்ற ஆன்டிபாடி பாசிட்டிவ். காலைல எந்திரிச்சா ஒரு மணி நேரத்துக்கு விரல மடக்க முடியாது, துணி பிழியறது குக்கர் மூடி திறக்கறது எல்லாம் வீட்டுக்காரர்தான் செய்வாரு. குழந்தைக்காக மெத்தோட்ரெக்சேட் மருந்த மூணு மாசம் முன்னாடியே நிறுத்திட்டு இப்ப ஹைட்ராக்சிகுளோரோகுயின் மட்டும் போயிட்டிருக்கு. மருந்து குறைஞ்சா வலி கூடும்னு பயந்துட்டு இருந்தேன், ஆனா நாலாம் மாசத்துல இருந்து வீக்கம் வத்திட்டே வருது. போன வாரம் வளைகாப்பு. நாலு வருஷமா விரல் முட்டி தாண்டி ஒரு கண்ணாடி வளையல் ஏறினதில்ல, அன்னிக்கு ரெண்டு கைலயும் சர்ருன்னு ஏறிடுச்சு, நானும் அம்மாவும் அழுதுட்டோம்.

டாக்டர்கிட்ட கேட்டா "கர்ப்பத்துல ஆன்டிபாடி மேல இருக்கற சர்க்கரை மாறும்மா, அதுவும் ஒரு காரணம்"னு சொன்னாங்க, வெளில கூட்டம் நின்னுச்சு மேல கேக்க முடியல. இத வீட்ல சொன்னதுல இருந்து அத்தை காபிக்குக்கூட சீனி போட மாட்டேங்கறாங்க. அது என்ன சர்க்கரைன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க, பிரசவத்துக்கு அப்புறம் திரும்ப பழைய மாதிரி ஆயிடுமா?

சேலம் பயோகெம்:
வாழ்த்துக்கள் சகோ. நான் பிஎச்டி பண்ணதே ஐஜிஜிங்கற, ரத்தத்துல ஜாஸ்தியா இருக்கற ஆன்டிபாடியோட சர்க்கரையிலதான், அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன்.

முதல்ல அத்தைகிட்ட சொல்லிடுங்க, இது காபில போடற சீனி இல்ல. நம்ம செல்லு ஒரு புரதத்த செய்யும்போதே அது மேல சின்னதா ஒரு சர்க்கரைக் கிளைய ஒட்டும், அப்புறம் செல்லுக்குள்ள கோல்ஜிங்கற இடத்துல என்சைம்கள் அந்தக் கிளைய வெட்டி, புதுசா நுனி வச்சு, ஒழுங்கு பண்ணி வெளிய அனுப்பும். இதுக்குப் பேரு கிளைக்கோசிலேஷன். ஐஜிஜி ஆன்டிபாடிய ஒரு கவட்டை மாதிரி நினைச்சுக்கோங்க, மேல ரெண்டு கை எதிரியப் பிடிக்கும், கீழ இருக்கற பிடி மத்த இம்யூன் செல்லுங்கள கூப்பிடும். அந்தப் பிடில ரெண்டு சங்கிலி, ஒவ்வொண்ணுலயும் 297ஆவது அமினோ அமிலத்துல ஒரு கிளை. கிளைக்கு ரெண்டு நுனி. ரெண்டு நுனிலயும் கேலக்டோஸ் இருந்தா ஜி2, ஒண்ணுல இருந்தா ஜி1, எதுலயும் இல்லாம மொட்டையா நின்னா ஜி0.

1985ல ஆக்ஸ்ஃபோர்ட்ல ரேமண்ட் ட்வெக் குழுவும் ஜப்பான் ஆளுங்களும் சேர்ந்து நேச்சர்ங்கற அறிவியல் இதழ்ல ஒரு பேப்பர் போட்டாங்க, ருமட்டாய்டு உள்ளவங்க ரத்தத்துல மொட்டை ஜி0 ரொம்ப ஜாஸ்தின்னு. கர்ப்பத்துல இது அப்படியே தலைகீழ், கேலக்டோஸ் ஏறிட்டே போகும், பிரசவம் ஆனதும் இறங்கிடும். நெதர்லாந்துல கர்ப்பிணிகள மாசக்கணக்கா பின்தொடர்ந்து பாத்தப்ப, கேலக்டோஸ் நல்லா ஏறினவங்களுக்குத்தான் நோயும் நல்லா அடங்கியிருந்துச்சு.

கேலக்டோஸ் நுனி மேல சில சமயம் சயாலிக் ஆசிட்னு இன்னொண்ணும் உக்காரும். 2006ல அமெரிக்காவுல ராக்கஃபெல்லர் யுனிவர்சிட்டில ரேவெட்ச் குழு எலிகள்ல காட்டினாங்க, ஐவிஐஜிங்கற, நிறைய பேர் ரத்தத்துல இருந்து எடுத்த ஆன்டிபாடி மருந்துல சயாலிக் ஆசிட் உள்ள ஆன்டிபாடிய மட்டும் செறிவாக்கிக் குடுத்தா பத்துல ஒரு பங்கு டோஸ்லயே வீக்கம் அடங்குதுன்னு. எல்லா லேப்லயும் எல்லா மாடல்லயும் இது அப்படியே வரல, சண்டை இன்னும் ஓடிட்டுதான் இருக்கு. ஆனா ஒரே ஆன்டிபாடி, நுனில ஒரு சர்க்கரை இருக்கா இல்லையாங்கறத வச்சு குணம் மாறுதுங்கறது எனக்கு இன்னைக்கும் அதிசயம்தான்.

உங்க ஆன்டி-சிசிபிக்கு தனியா ஒரு விஷயம் இருக்கு. நெதர்லாந்துல லைடன் குழு கண்டுபிடிச்சது, அந்த ஆன்டிபாடிகள்ல 90 சதவீதத்துக்கு மேல பிடில மட்டும் இல்லாம எதிரியப் பிடிக்கற கைலயும் சர்க்கரை இருக்கு. சாதாரண ஐஜிஜில இது கொஞ்சத்துலதான் இருக்கும். இது மூட்டு வலி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரத்தத்துல தெரிய ஆரம்பிச்சுடுது.

லேப் அக்கா:
ஒண்ணு சேத்துக்கறேன், எங்க லேப்ல தினம் இந்தக் குழப்பம் வருது. சுகர் பேஷண்ட்டுக்கு எடுக்கற எச்பிஏ1சி ரத்த டெஸ்ட் வேற. அது ரத்தத்துல ஜாஸ்தியா இருக்கற குளுக்கோஸ் என்சைம் எதுவும் இல்லாம தானா போய் ஹீமோகுளோபின்ல ஒட்டிக்கறது, கிளைக்கேஷன்னு சொல்வோம். மேல தம்பி சொன்னது செல்லு என்சைம் வச்சு இடம் பாத்து ஒட்டறது. அதனால சீனி நிறுத்தினா ஆன்டிபாடி மாறாது. ஆனா ஏழாம் மாசம்னா ஜிடிடி டெஸ்ட் (கர்ப்பத்துல சுகர் இருக்கான்னு குளுக்கோஸ் குடிச்சுப் பாக்கறது) எடுத்தாச்சான்னு பாத்துக்கோம்மா, அது நார்மல்னா காபிக்கு ஒரு ஸ்பூன் சீனி போட்டுக்கலாம்.

வெல்லூர்வாசி:
எனக்கு மூட்டு இல்ல கிட்னி, ஆனா கதை இதேதான். ஒவ்வொரு தடவ தொண்டை வலி வந்தாலும் அடுத்த நாளே யூரின் டிக்காஷன் கலர்ல போகும், ஒரு இடத்துல யூரின் இன்ஃபெக்ஷன்னு சொல்லி ஒன்றரை வருஷம் ஆன்டிபயாடிக்காவே குடுத்தாங்க, யாரும் யூரின்ல புரோட்டீன் போகுதான்னுகூட பாக்கல, அதுதான் இன்னும் ஆறல. கடைசில பயாப்சில ஐஜிஏ நெஃப்ரோபதின்னு வந்துச்சு, ஐஜிஏங்கற இன்னொரு வகை ஆன்டிபாடி கிட்னில படியற நோய். 1968ல பாரிஸ்ல ழான் பெர்ஜே முதல்ல சொன்ன நோய் இது. ஐஜிஏ1 ஆன்டிபாடிக்கு நடுவுல கீல் மாதிரி ஒரு பாகம் இருக்கு, அங்க உள்ள சர்க்கரைல கேலக்டோஸ் குறைஞ்சு போகுது, அந்த மொட்டை இடத்த நம்ம உடம்பே அந்நியம்னு நினைச்சு அதுக்கு எதிரா ஆன்டிபாடி செய்யுது, ரெண்டும் கட்டி கட்டியா சேந்து கிட்னி வடிகட்டில போய்த் தங்கிடுது. இங்க வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரில நம்ம ஊர் ஐஜிஏ நெஃப்ரோபதி பேஷண்ட்ஸ வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பாக்கற கிரேஸ்னு ஒரு ஆய்வே இருக்கு. தொண்டை வலிக்கு அப்புறம் யூரின் கலர் மாறினா தயவுசெஞ்சு யூரின்ல புரோட்டீனும், கிட்னி வேலை செய்யுதான்னு காட்டற கிரியாட்டினினும் கேட்டு எடுங்க.

தேனிப்பொண்ணு:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அத்தைக்கு அப்படியே படிச்சுக் காட்டினேன். ஜிடிடி நார்மல் அக்கா. இன்னொரு சந்தேகம், மெடிக்கல்ல முட்டிக்கு குளுக்கோசமைன் மாத்திரை விக்கறாங்களே, அதுவும் சர்க்கரைதானே, அது சாப்பிட்டா பிரசவத்துக்கு அப்புறமும் இப்படியே இருக்குமா?

சேலம் பயோகெம்:
வேணாம் சகோ, கர்ப்பத்துல டாக்டர கேக்காம எதுவும் எடுக்காதீங்க. இந்தக் கேள்விக்குப் பின்னாடி ஒரு நல்ல ஆராய்ச்சி இருக்கு, ஆனா அது அந்த மாத்திரை இல்ல. டி செல்லுங்கற ஒரு வகை இம்யூன் செல்லு மேல இருக்கற புரதங்கள்லயும் இதே மாதிரி கிளை உண்டு, அதுல நிறைய கொம்பு விட்டிருந்தா கேலக்டின்னு ஒரு புரதம் அதையெல்லாம் பிடிச்சு வலை மாதிரி கட்டி வைக்கும், ரிசெப்டர்கள் ஒண்ணா கூட முடியாது, செல்லு அவ்வளவு சீக்கிரம் உசுப்பேறாது. 2001ல டொரன்டோல இந்தக் கொம்ப வைக்கற எம்கேட்5ங்கற என்சைம எலில எடுத்துட்டுப் பாத்தாங்க, கொம்பு குறைஞ்சுது, டி செல்லு லேசா தொட்டாலே கிளம்புச்சு, எலிக்கு கிட்னில ஆட்டோஇம்யூன் நோய், அதாவது தன் உடம்பையே தாக்கற நோய் வந்துச்சு. அந்தக் கொம்புக்கான மூலப்பொருள் என்-அசிட்டைல் குளுக்கோசமைன், அத மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்ங்கற நரம்பு நோய் உள்ள கொஞ்சம் பேருக்கு குடுத்துப் பாத்திருக்காங்க. கடைல விக்கற குளுக்கோசமைன் வேற பொருள்.

வெளிப்படையா ஒண்ணு சொல்லணும். கேலக்டோஸ் ஏறறதாலதான் உங்க வலி அடங்குச்சா, இல்ல ஹார்மோன் மாறும்போது ரெண்டும் சேந்தே நடக்குதா, அது முடிவாகல. குழந்தையோட எச்எல்ஏ (இது நம்ம செல்லான்னு உடம்பு அடையாளம் பாக்கற புரதம்) அம்மாவோடதுல இருந்து எவ்வளவு வேறயோ அவ்வளவு நல்லா அடங்குதுன்னும் 1993ல ஒரு ஆய்வு வந்துருக்கு. ஆன்டி-சிசிபி உள்ளவங்கள்ல கொஞ்சம் பேருக்குத்தான் உங்க அளவுக்கு அடங்கும்.

பிரசவத்துக்கு அப்புறம் நிறைய பேருக்கு முதல் சில மாசத்துலயே திரும்பிடும், அத மறைச்சு சொல்ல மனசில்ல. பிள்ளை பொறக்கறதுக்கு முன்னாடியே ருமட்டாலஜிஸ்ட்ட பாத்து திட்டம் போட்டுக்கோங்க, பால் குடுக்கும்போது மெத்தோட்ரெக்சேட் கூடாது, வேற மருந்து இருக்கு. செர்டோலிஸுமாப்னு ஒரு ஊசிக்கு நான் மேல சொன்ன கவட்டைப் பிடியே கிடையாது, கை மட்டும்தான், அதனால நஞ்சுக்கொடி வழியா குழந்தைக்குப் போறது ரொம்ப ரொம்ப கம்மி, பால்லயும் அப்படித்தான். விலை ஜாஸ்தி, தேவைப்பட்டா மட்டும்.

தேனிப்பொண்ணு:
வர்ற திங்கள் அப்பாயின்ட்மென்ட் போட்டுட்டேன், செர்டோலிஸுமாப் பேர ஃபைல் மேலயே எழுதி வச்சிருக்கேன். அம்மாவ முதல் ஆறு மாசம் எங்ககூட இருக்கச் சொல்லியாச்சு, விரல் மடங்காத நாள்ல பிள்ளையத் தூக்கிக் குடுக்க ஒரு ஆள் வேணும்ல.