ஊசியில் நூல் கோக்கவைத்துப் பாடம் நடத்தலாமா?

வணக்கம் நண்பர்களே. நரம்பும் தசையும் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போகிறேன். ஓர் உதவி வேண்டும்.

ஓர் இயக்க நரம்பணு பல தசை நார்களுக்குக் கிளை பரப்பியிருக்கும். அது தூண்டப்பட்டால் அந்த நார்கள் அத்தனையும் சேர்ந்தே சுருங்கும். பாதி மட்டும் என்ற பேச்சே இல்லை. கண்ணை அசைக்கும் தசையில் ஒரு நரம்பணுவுக்குச் சுமார் 10 நார்கள்தான். கெண்டைக்காலிலோ 1,000-க்கும் மேல். அதனால்தான் கண் மயிரிழை பிசகாமல் திரும்புகிறது. சரி, இதுவரை பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

சிக்கல் அடுத்ததில். விசை கூடக்கூட முதலில் சின்ன அலகுகள் (ஒரு நரம்பணுவும் அதன் நார்களும் சேர்ந்தது ஓர் அலகு; நார்கள் குறைவென்றால் சின்னது), அப்புறம்தான் பெரியவை சேர்கின்றன. போன முறை கரும்பலகையில் படம் போட்டேன். தலையாட்டினார்கள், கேள்வி கேட்டால் மௌனம். இந்த முறை ஊசியில் நூல் கோக்கச் சொல்லலாம் என்றிருக்கிறேன், முதலில் லேசாகப் பிடித்து, பிறகு விரல்களை இறுக்கி. நானே செய்து பார்த்தேன், இறுக்கியதும் நூல் நுனி ஊசிக்காதைச் சுற்றி நடுங்குகிறது.

இதற்குப் பெரிய அலகுகளை மட்டும் காரணம் சொன்னால் போதுமா, எதிர்த்தசைகளும் (எதிர்ப்பக்கம் இழுக்கும் தசைகள்) சேர்ந்து இறுகுவதைச் சொல்ல வேண்டுமா? உடலியங்கியல், பிசியோதெரபி படித்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இதைவிட நல்ல செய்முறை இருந்தாலும் எழுதுங்கள். அடுத்த வாரம் வகுப்பு.