புதுப்பிப்பு: 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.119 ஆக வந்த கதை

0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல் அமிலம்) வரும்படி கணக்குப் போட்டுக் கலக்கியும் கரைசல் ஏன் 0.119 மோலார் காட்டுகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. விடை கிடைத்துவிட்டது.

"அடர்த்தியைச் சேர்த்தீர்களா?" என்று ஒருவர் ஒரே வரியில் கேட்டிருந்தார். அதுதான். அடர் அமிலப் புட்டியில் எழுதியிருந்த 37%-ஐ, 100 மில்லிலிட்டரில் 37 கிராம் என்று எடுத்துக்கொண்டேன். உண்மையில் அது 100 கிராம் கரைசலில் 37 கிராம். அடர்த்தி மில்லிலிட்டருக்கு 1.19 கிராம். ஆக லிட்டருக்கு 1190 × 0.37 = 440 கிராம்; ஒரு மோல் அமிலத்தின் எடையான 36.46-ஆல் வகுத்தால் சுமார் 12.1 மோலார். நான் போட்ட கணக்கில் 10.1. அதனால் ஒரு லிட்டருக்கு 8.3 மில்லிலிட்டர் போதுமான இடத்தில் 9.9 ஊற்றியிருக்கிறேன். பியூரெட் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் குழாய்) கசிகிறதா என்று இரண்டு நாள் பார்த்ததெல்லாம் வீண்.

திருத்திய அளவில் மறுபடி கலக்கினேன். நீரில்தான் அமிலத்தை ஊற்றினேன், கவலை வேண்டாம். செறிவைச் சரிபார்த்தபோது, உலர்த்திய சோடியம் கார்பனேட் 0.1325 கிராமுக்கு, மெத்தில் ஆரஞ்சு (வினை முடிந்ததைக் காட்டும் சாயம்) நிறம் மாற 25.5 மில்லிலிட்டர் அமிலம் ஆனது. அதாவது 0.098 மோலார்.

அந்த 2% குறைவை நான் எதிர்பார்க்கவில்லை. புட்டி பலமுறை திறந்த பழையது. கரைந்திருந்த ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளியேறியிருக்கும் என நினைக்கிறேன். இன்னொன்று: இதே திருத்திய கரைசலுக்கு, கார்பனேட்டை உலர்த்தாமல் முதலில் எடுத்தபோது 0.101 காட்டியது. ஈரமும் எடையில் சேர்ந்துவிட்டதால் கூடுதலாகக் காட்டியிருக்கிறது. லேபிளில் 0.098 என்றே எழுதி வைத்திருக்கிறேன்.