வெள்ளத்தில் மூழ்கிய காரை மறைத்து விற்றுவிட்டார்கள், கேஸ் போடலாமா? (வேலூர்)

காட்பாடிவாசி கேட்கிறார்:

வணக்கம். எங்கள் வீடு காட்பாடி காந்தி நகரில். அப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய்வர அவர் உடம்பு தாங்கவில்லை. அதற்காகவே போன மாதம் வேலூரில் ஒரு கார் கன்சல்டிங்கில் (பழைய கார் வாங்கி விற்கிற கடை) 2019 மாடல் பெட்ரோல் வண்டி வாங்கினேன். விலை 3,40,000 ரூபாய். 2,90,000 வங்கிக் கணக்கு வழியாகப் போட்டேன், மீதி 50,000 கையில் கொடுத்தேன். சென்னைப் பதிவெண். "சிங்கிள் ஓனர், ஆக்சிடென்ட் கிடையாது, தண்ணி பார்க்காத வண்டி" என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பினார்.

கொஞ்ச நாளிலேயே டேஷ்போர்டில் விளக்குகள் மாறி மாறி எரிய ஆரம்பித்தன. பவர் விண்டோ ஒருநாள் ஏறும், மறுநாள் ஏறாது. போன வாரம் டயாலிசிஸ் முடிந்து இரவில் திரும்பும்போது கிரீன் சர்க்கிள் தாண்டி வண்டி அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் லாரியும் பஸ்ஸும் உரசுகிற மாதிரி போகின்றன, பின் சீட்டில் அப்பா எழுந்திருக்கவே முடியாமல் படுத்திருக்கிறார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு வண்டியை இழுத்துப் போனோம். பதிவெண்ணைப் போட்டதும் பழைய கதை வெளியே வந்தது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் சமயம். தண்ணீரில் மூழ்கிய வண்டி என்று சென்னையில் ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். எஸ்டிமேட் போட்டதோடு சரி, வேலை எதுவும் செய்யாமல் வெளியே எடுத்துப் போய்விட்டார்கள். இப்போது இ.சி.எம். (இன்ஜினை இயக்குகிற கம்ப்யூட்டர்), வயரிங் இரண்டையும் மாற்ற ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள்.

கடைக்காரரிடம் கேட்டால், "பழைய வண்டிக்கு கேரண்டி கிடையாது தம்பி. டெலிவரி நோட்டில் 'உள்ளது உள்ளபடி'ன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க. நான் நடுவுல இருக்கிற ஆள், ஆர்.சி. ஓனரைப் போய்க் கேளுங்க" என்கிறார். ஆர்.சி. இன்னும் சென்னைக்காரர் பெயரில்தான் இருக்கிறது.

பழைய வண்டியில் கிளட்ச் தேயும், பேட்டரி போகும். அதற்கெல்லாம் யார் மேலும் பழி சொல்ல மாட்டேன். இது மூழ்கின வண்டி. அதை மறைத்து விற்க அவருக்கு என்ன உரிமை? நுகர்வோர் கோர்ட்டில் இதற்கு இடம் உண்டா? வக்கீல் வைக்கிற வசதி இப்போது இல்லை.

குடியாத்தம் மெக்கானிக்:

தம்பி, முதல் வேலையாக ரிப்பேரை நிறுத்துங்கள். பழைய இ.சி.எம்.மைக் கழற்றிப் புதுசு போட்டுவிட்டால் அப்புறம் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

சேற்றுத் தண்ணீர் வயர்கள் சேருகிற கப்ளருக்குள் போனால் உடனே ஒன்றும் தெரியாது. உள்ளே பச்சையாகப் பூத்து, மெல்ல மெல்ல அரிக்கும். வெளியே பாலிஷ் போட்டு, சீட் கவர் மாற்றி, வாசனை அடித்து விற்றுவிடுவார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், சேற்றுக் கறை நிற்கும். சீட்டுக்கு அடியில் இருக்கிற தண்டவாளத்தையும் போல்ட்டையும், ஸ்டெப்னி வைக்கிற பள்ளத்தையும் பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் இருக்கிற பஞ்சில் வண்டல் ஒட்டியிருக்கும், அதை யாராலும் முழுசாகக் கழுவ முடியாது. எல்லாவற்றையும் வீடியோ எடுங்கள். சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டோடு, லெட்டர்ஹெட்டில் என்ன பழுது, எதனால் என்று எழுதி வாங்குங்கள். வாயால் சொல்வது கோர்ட்டில் நிற்காது.

வழக்கறிஞர், சத்துவாச்சாரி:

இடம் உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 புது வண்டிக்கு மட்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை. வியாபாரமாக வண்டி விற்பவரிடம் சொந்த உபயோகத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய நீங்கள் நுகர்வோர்தான். தேய்மானத்துக்கு அவர் பொறுப்பில்லை என்பது சரி. "தண்ணி பார்க்காத வண்டி" என்று பொய் சொல்லி விற்றது வேறு. அது முறையற்ற வணிக நடைமுறை. 'உள்ளது உள்ளபடி' என்ற வரி வண்டியின் வயசுக்கும் தேய்மானத்துக்கும் அவரைக் காப்பாற்றலாம், மோசடிக்கு மறைப்பாகாது. "ஓட்டிப் பார்த்துத்தானே வாங்கினார்" என்றும் வாதாடுவார். தெரிந்தே சொன்ன பொய்க்கு அந்தச் சாக்கு செல்லாது. அதனால் அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கு உயிர். போனை மாற்றாதீர்கள், அழிக்காதீர்கள்.

'நடுவில் இருக்கிற ஆள்' என்கிற பேச்சு எல்லாக் கன்சல்டிங்கிலும் கேட்கிறதுதான். பணம் அவர் கணக்குக்குப் போயிருக்கிறது, டெலிவரி நோட் அவர் கடையுடையது. கமிஷனுக்குச் செய்தாலும் அது காசு வாங்கிக்கொண்டு செய்த சேவைதான். இன்னொன்று: பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும், வண்டி கைக்கு வந்ததும் படிவம் 29சி வழியாகத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் மத்திய மோட்டார் வாகன விதி இருக்கிறது. அப்படித் தெரிவித்தால் வண்டிக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். கேஸுக்கு முன் கடைக்காரருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், அங்கீகாரம் இருக்கிறதா என்று அதிலேயே கேளுங்கள்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் (நீங்கள் கேட்ட நுகர்வோர் கோர்ட் இதுதான்) கட்டணமே கிடையாது. நீங்களே வாதாடலாம். குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம் என்பதால் சென்னைக்காரரை எதிர்மனுதாரராகச் சேர்த்தாலும் அலைச்சல் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகார் பதியுங்கள், தமிழிலும் பேசலாம். சில கடைக்காரர்கள் அந்த அழைப்புக்கே இறங்கி வந்துவிடுவார்கள்.

மனுவில் 'ஏமாற்றுக்காரன், கூட்டுச் சதி' என்று எழுதித் தள்ளாதீர்கள். விரிவான சாட்சி விசாரணை வேண்டும், சிவில் கோர்ட்டுக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்ப அதுவே காரணமாகிவிடும். சொன்னது இது, இருப்பது இது, ஆதாரம் இது. அவ்வளவு போதும்.

காட்பாடிவாசி:

ரொம்ப நன்றி சார், அண்ணாவுக்கும் நன்றி. கையில் கொடுத்த 50,000க்கு ரசீது இல்லை. அது போனதுதானா? சென்னைக்காரர் நேராக என்னிடம் விற்றிருந்தாலும் இதே கேஸ் போட்டிருக்கலாமா?

வழக்கறிஞர், சத்துவாச்சாரி:

சொந்த வண்டியை ஒரு தடவை விற்கிற தனி ஆள் வியாபாரி இல்லை. அவர் மேல் மட்டும் என்றால் நுகர்வோர் ஆணையம் எடுக்காது, ஒப்பந்தச் சட்டப்படி சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். உங்களுக்கு நடுவில் கடைக்காரர் இருந்தது இந்த விஷயத்தில் நல்லதாகப் போயிற்று.

50,000க்கு வழி இருக்கிறது. விலை 3,40,000 என்று பேசிய செய்தி இருக்கும், அன்று ஏ.டி.எம்.மில் எடுத்த கணக்கு இருக்கும். இரண்டையும் சேர்த்து வையுங்கள். நோட்டீஸில் முழுத் தொகையையும் எழுதுங்கள், அவர் பதிலில் மறுக்கிறாரா பார்ப்போம். ஸ்பீடு போஸ்ட்டில் ஒப்புகையோடு அனுப்பி, வண்டியை வந்து பார்வையிட 15 நாள் கொடுங்கள். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர வேண்டும், இல்லாவிட்டால் ரிப்பேர் செலவு, அதோடு நஷ்டஈடு என்று கேளுங்கள்.

கேஸை முடிக்கச் சட்டத்தில் 3 மாதம், பரிசோதனை தேவைப்பட்டால் 5 மாதம் என்று இருக்கிறது. நடப்பில் அதைவிட இழுக்கும், அப்பாவின் பயணத்துக்கு இப்போதே வேறு ஏற்பாடு செய்துவிடுங்கள். ஆனால் உத்தரவு வந்தபின் அதை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம் என்று 72ஆவது பிரிவு சொல்கிறது.

குடியாத்தம் மெக்கானிக்:

தம்பி, ஒன்று விட்டுப்போச்சு. கடைக்காரர் "நம்ம ஷெட்டிலேயே சும்மா சரி பண்ணித் தர்றேன், வண்டியை அனுப்புங்க" என்று கூப்பிடுவார். எழுத்தில் கொடுக்காமல் சாவியைக் கொடுக்காதீர்கள். சர்வீஸ் சென்டர் ரிப்போர்ட் கையில் வருகிற வரைக்கும் வண்டி அங்கேயே நிற்கட்டும். நிறுத்தக் கூலி கேட்டால் அந்த பில்லையும் கேஸில் சேருங்கள்.