ஸ்நேக் ஆற்றின் நான்கு அணைகளை எடுத்தால்தான் சால்மன் பிழைக்குமா?

கரையோரம்:
அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் உள்ள ரெட்ஃபிஷ் ஏரியில் முட்டையிட வரும் சாக்கை வகை சால்மன் மீன், கடலிலிருந்து சுமார் 1,450 கி.மீ. எதிர்நீச்சல் போட வேண்டும். வழியில் எட்டு அணைகள்: கொலம்பியா ஆற்றில் நான்கு, அதில் கலக்கும் ஸ்நேக்கில் நான்கு. 1991-ல் இதை அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாகச் சட்டப்படி அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு ஏரிக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு மீன். ஸ்நேக்கின் நான்கு அணைகளையாவது எடுத்தே ஆக வேண்டும்.

மின்வாசகன்:
எட்டிலும் மீன் ஏணி, அதாவது மீன்கள் அணையைத் தாண்டி மேலேற நீர் ஓடும் படிகள், இருக்கிறதே, மீன்கள் ஏறத்தானே செய்கின்றன? அந்த நான்கு அணைகளும் புகையில்லாமல் சராசரியாக 1,000 மெகாவாட் மின்சாரம் தருகின்றன. ஐடஹோவின் லூயிஸ்டன் ஆற்றுத் துறைமுகத்திலிருந்து கோதுமை படகில் போவதும் அவற்றால்தான். அதையெல்லாம் லாரியில் ஏற்றுவது ஆற்றுக்கு நல்லதா?

கரையோரம்:
ஏணி மேலே ஏறும் மீனுக்கு. கடலுக்கு இறங்கும் குஞ்சுகளுக்கு என்ன வழி? முன்பு பனி உருகி வரும் வெள்ளமே அவற்றைத் தள்ளிக்கொண்டு போய்விடும். இப்போது ஒவ்வொரு தேக்கத்திலும் ஓட்டமில்லாத நீரில் நாள்கணக்கில் தடுமாறி, பெரிய மீன்களுக்கு இரையாகி, தப்பியதில் சில டர்பைனில் சிக்குகின்றன. தேங்கிய நீர் வெயிலில் சூடும் ஏறுகிறது. 2015 கோடையில் கொலம்பியாவில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் சாக்கை வெந்நீரில் செத்தன.

மின்வாசகன்:
அந்த ஆண்டு பனியே குறைவு, வெயிலும் கடுமை. அதை முழுக்க அணைமேல் போடாதீர்கள். அப்புறம், 1991-ல் சாக்கையை அழியும் உயிரினமாக அறிவித்த சட்டம் தோற்கவில்லை. பிடித்து வைத்து இனப்பெருக்கம் செய்ததால்தான் 2014-ல் 1,500-க்கு மேல் சாக்கை திரும்பின.

நெல்லி:
இருவருக்கும் ஒரு விஷயம். அரசுத் துறைகளின் செயல் ஓர் இனத்தை அழிவுக்குத் தள்ளக் கூடாது என்பதுதான் சட்டம். அதன்படி மீன்வளத் துறை எழுதிய திட்டங்களை நீதிமன்றம் திரும்பத் திரும்ப நிராகரித்தது, கடைசியாக 2016-ல். குஞ்சுகள் டர்பைனில் சிக்காமல் இறங்க, மதகு வழியே கூடுதல் நீர் விட வைத்தது. ஆனால் அணையை எடுக்க நாடாளுமன்றம் அனுமதிக்க வேண்டும்.

கரையோரம்:
அந்த 1,500-இல் பெரும்பாலானவை பண்ணைக் குஞ்சுகள். காட்டு மீன் எங்கே? கலிஃபோர்னியா, ஓரிகன் மாநிலங்களில் ஓடும் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை 2024-ல் எடுத்து முடித்தார்கள். சில வாரங்களில் சினூக் என்ற இன்னொரு வகை சால்மன் ஓரிகன் வரை ஏறியது.

மின்வாசகன்:
கிளாமத்தில் சரக்குப் படகு ஓடவில்லை, மின்சாரமும் கொஞ்சம்தான். முதலில் ரயில்பாதையும் மாற்று மின்சாரமும் வரட்டும், பிறகு எடுக்கலாம்.

கரையோரம்:
அதற்குத்தான் 2023 டிசம்பரில் பழங்குடிகளோடு ஒப்பந்தம் போட்டார்கள். 2025 ஜூனில் அரசே அதிலிருந்து விலகிவிட்டது. மீன்பிடி உரிமையை 1855 உடன்படிக்கையில் எழுதி வாங்கிய நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்களை இன்னும் எத்தனை நாள் காக்க வைப்பீர்கள்?